மேப்பிள் பைண்டிங் இடுப்பு வளைவில் பிளக்கிறது: சூடா, நாரா, தடிமனா?

சிராய்

ஓ.எம். (ஆர்கெஸ்ட்ரா மாடல்) வடிவ அகூஸ்டிக் கிட்டார் ஒன்றின் பெட்டி ஒட்டி முடிந்து நிற்கிறது. பக்கப்பலகை ஈட்டி (ரோஸ்வுட்), மேல்பலகை ஸ்ப்ரூஸ். விளிம்புக்கு அலைரேகை மேப்பிளில் பைண்டிங், அதாவது விளிம்பைச் சுற்றி ஒட்டும் பட்டி, போட வேண்டும். பட்டியின் தடிமன் 2.3 மி.மீ., உயரம் 6.5 மி.மீ., நீளம் 820 மி.மீ. சூட்டுக் குழாயில் வளைக்கிறேன். சோதனைப் பட்டிகள் தோளிலும் அடிவளைவிலும் ஒழுங்காக வருகின்றன. இடுப்பில் மட்டும் பிளக்கின்றன. குழாய் படாத முகத்தில்தான் நார் எழும்புகிறது.

எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும்? ராத்திரி முழுக்க ஊறினால் இளகுமா? குழாயின் சூடு எவ்வளவு இருக்க வேண்டும்? பைண்டிங்கை ஒட்டி அலங்காரமாக ஓடும் கறுப்பு-வெள்ளை-கறுப்புக் கோட்டுப் பட்டியைப் பைண்டிங்கோடு ஒட்டிவிட்டு வளைக்கலாமா, தனித்தனியாகத்தான் வளைக்க வேண்டுமா? இன்னொன்று, வளைக்கும்போது பட்டி முறுக்கிக்கொள்கிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

வளைகுழாய்

ஊறவைப்பது பிறகு. முதலில் உடைந்த இடத்தைப் பாருங்கள், காரணம் அங்கேயே தெரியும்.

உடைவு நீளமாக, சாய்வாக, சிராய் எழும்பினாற்போல் இருந்தால் நார் பட்டியின் நீளத்துக்கு இணையாக ஓடவில்லை என்று பொருள். சூட்டை மாற்றிப் பயனில்லை. உடைவு குறுக்கே நேராக, கட்டையாக இருந்தால் மரம் சூடேறும் முன்பே அழுத்தியிருக்கிறீர்கள், அல்லது ஈரம் முழுக்கப் போய்க் கருகும் நிலைக்கு வந்த பிறகும் வளைத்திருக்கிறீர்கள். உள்முகத்தில் சின்னச் சின்ன மடிப்புகள் தெரிந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது. வளைவு வழவழப்பாக இல்லாமல் தட்டைத் தட்டையாக முறிந்து வந்தால் பட்டியைக் குழாயில் நகர்த்தாமல் ஒரே இடத்தில் நிறுத்தி அழுத்துகிறீர்கள்.

உங்களுடையது எந்த வகை?

சிராய்

சாய்வு உடைவுதான். 12 முதல் 15 மி.மீ. நீளத்துக்குச் சிராய் எழும்புகிறது. அலைரேகையின் பட்டை ஒன்று முடியும் இடத்தில் தொடங்குகிறது. எல்லாப் பட்டியிலும் இதே மாதிரிதான்.

நார்நோக்கி

அப்படியானால் மரத்தைத் தேர்ந்ததிலும் தடிமனிலும்தான் பாதிச் சிக்கல். கணக்காகவே பார்க்கலாம்.

ஒரு பட்டியை வளைத்தால் அதன் வெளிமுகம் நீள வேண்டும், உள்முகம் சுருங்க வேண்டும். வெளிமுகம் நீளும் அளவு, தடிமனை ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். உங்கள் இடுப்பு வளைவின் ஆரம் 90 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 2.3 மி.மீ. பட்டிக்கு இது 1.28 சதவீதம். 2.0 மி.மீ. பட்டிக்கு 1.11 சதவீதம். வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம். ஆனால் நன்றாகச் சூடேறிய ஈர மரமே இழுத்தால் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் நீளாது. சுருங்குவதென்றால் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் சுருங்கிக் கொடுக்கும். எனவே மரத்தை நீளவிடாமல் சுருங்கவிடுவதுதான் வளைக்கும் வேலையின் சூட்சுமம். வெளிமுகத்தோடு ஒட்டினாற்போல் ஒரு மெல்லிய எஃகுத் தகடு வைத்துப் பட்டியின் இரு முனைகளையும் அதோடு இறுக்கிப் பிடித்தால், இழுவிசையைத் தகடு வாங்கிக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டில் மைக்கேல் தோனெட் வளைமர நாற்காலி செய்தபோது கம்பின் வெளிப்பக்கம் உலோகப் பட்டை வைத்ததும் இதற்காகத்தான். உங்களுக்கு 0.2 அல்லது 0.25 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுத் தகடு போதும். அகலம் 20 மி.மீ. இருக்கட்டும்.

அடுத்து நார். அலைரேகை பளிச்சென்று தெரியும் முகம் எதுவோ, அந்த முகத்தில்தான் நார்கள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருக்கின்றன. ஒளி மாறி மாறிப் பட்டு அலையாகத் தெரிவதற்கே அதுதான் காரணம். 6.5 மி.மீ. முகத்தில் அலை அழகாகத் தெரியும்படி பட்டி அறுத்தால், வளைக்கும் திசையிலேயே ஒவ்வோர் அலைக்கும் ஒரு பலவீனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பலகையைக் கால் திருப்பு திருப்பி அறுத்தால் அலை பட்டியின் தளத்துக்குள்ளேயே கிடக்கும். வளைப்பது எளிது, ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் அழகு குறையும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. என் கருத்தைக் கேட்டால், அலை அடர்த்தியாக நெருங்கி இருக்கும் பலகையை விட்டு, அலை அகலமாக, மென்மையாக ஓடும் பலகையை எடுங்கள். மெருகு ஏறியபின் கண்ணுக்கு அதுவே போதும்.

அலை தவிர, பலகை முழுவதுமே நார் சாய்ந்து ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பலகையின் ஓரத்துத் துண்டு ஒன்றை அறுக்காமல் உளியால் பிளந்து பாருங்கள். பிளவு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதுதான் நார். அந்தப் பிளவுக்கு இணையாகக் கோடு கிழித்துப் பட்டி அறுக்க வேண்டும், பலகையின் விளிம்புக்கு இணையாக அல்ல. பிளக்க முடியாத மரத்தில் ஒரு சொட்டுப் பேனா மை விட்டால் அது நார் வழியே இழுத்துக் காட்டும். 20 மி.மீ. நீளத்தில் 1 மி.மீ.க்கு மேல் சாய்ந்தால் அந்தப் பட்டியை இடுப்புக்கு நம்ப வேண்டாம்.

வளைகுழாய்

நார்நோக்கி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இடுப்பு வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே குழிந்த வளைவு. ஆகவே இடுப்பில் குழாயைத் தொடுவது கண்ணில் படப்போகும் முகம். நீள்வது, பிளப்பது எல்லாம் பசை பூசி மறையப்போகும் முகம். தோளிலும் அடிவளைவிலும் இது தலைகீழ். இதனால் இரண்டு விஷயம்: இடுப்பில் கருகல் வந்தால் அது வெளியே தெரியும், அதனால் மேப்பிளுக்குச் சூடு குறைவாகவே வேண்டும். இடுப்பில் மெல்லிய சிராய் எழும்பினால் அது மறைவுப் பக்கம், காப்பாற்றிவிடலாம்.

இனி குழாய் வேலை.

பட்டியை 2.0 மி.மீ.க்கு இழைத்துவிடுங்கள். ஒரே சீராக இருக்க வேண்டும். 0.1 மி.மீ. மெலிந்த இடம் முதலில் மடங்கும், வளைவு அந்த இடத்தில் முறிந்ததுபோல் தெரியும். இழைத்தபின் 180 நம்பர் உப்புத்தாளில் நீளவாக்கில் தேய்த்து, நான்கு விளிம்பையும் லேசாக மழுக்கிவிடுங்கள். வாள் விட்டுப்போன குறுக்குக் கீறல் ஒன்று இருந்தாலும் பிளவு அங்கேதான் தொடங்கும்.

ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டாம். மரத்தை இளக்குவது சூடு. தண்ணீர் அந்தச் சூட்டை உள்ளே கொண்டுபோகிறது, கருகலைத் தடுக்கிறது, நார்களைக் கட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் இளகும் சூட்டைக் கீழே இறக்குகிறது. ஈரம் இருந்தால் 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே அது இளகிவிடும், காய்ந்த மரத்தில் அதற்கு மிக அதிகச் சூடு வேண்டும். 2 மி.மீ. மேப்பிளுக்கு 15 அல்லது 20 நிமிடம் ஊறினால் தாராளம். அதற்கு மேல் ஊறினால் மரம் உப்பும், வளைத்தபின் காய நாளாகும், உள்முகம் மடியும்.

குழாயின் மேற்பரப்பு 150 முதல் 165 டிகிரி செல்சியஸ். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சீறி உடனே ஆவியாக வேண்டும். சொட்டு முத்தாகத் திரண்டு குழாய் மேல் உருண்டு ஓடினால் 190 டிகிரியைத் தாண்டிவிட்டது, மேப்பிள் பழுப்பேறும். அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளக்கும் அலுமினியக் குழாய் மேல் காட்டினால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். அதை நம்பிச் சூட்டை ஏற்றித்தான் பலர் கருக்கிவிடுகிறார்கள். குழாயின் ஓரத்தில் சூடு தாங்கும் கறுப்பு மேட் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து அங்கே அளந்தால் சரியாக இருக்கும்.

இடுப்பிலிருந்து தொடங்குங்கள். பெட்டியின் வடிவ அச்சின் உள்விளிம்பில் மெல்லிய நாடாவை ஓட்டி, வால் (கழுத்துக்கு எதிர்ப்பக்கம்) நுனியிலிருந்து இடுப்பின் மிகக் குறுகிய இடம் வரை எவ்வளவு என்று அளந்து, முனையில் 15 மி.மீ. உபரி விட்டுப் பட்டியில் குறியிடுங்கள். அந்தக் குறி குழாய் மேல் வரட்டும், தகடு வெளிப்பக்கம். அழுத்தாமல் இரண்டு பக்கமும் 30 மி.மீ. தூரம் முன்னும் பின்னுமாக உருட்டிக்கொண்டே இருங்கள். 10, 15 விநாடியில் பட்டியின் விறைப்பு குறைவது விரலில் தெரியும். அது தெரிந்த பிறகே அழுத்தம், அதுவும் குழாய்க்கு மிக அருகில், ஒரு சின்ன மரக்கட்டையால். பட்டியின் நுனியைக் கையால் பிடித்து இழுத்தால் வளைவு குழாயில் விழாமல் வேறெங்கோ விழும். வேண்டிய வளைவைவிட 2, 3 மி.மீ. கூடுதலாகவே வளைத்து, குழாயிலிருந்து எடுத்து, கையில் அப்படியே அரை நிமிடம் பிடித்திருங்கள். ஆறினால்தான் நிற்கும். பிறகு அடிவளைவு, கடைசியாகத் தோள்.

முறுக்குக்கு: 2 மி.மீ. தடிமனும் 6.5 மி.மீ. உயரமும் உள்ள பட்டி தனியாக இருந்தால் முறுக்கத்தான் செய்யும். இரண்டு பட்டியைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து, சூடு தாங்கும் பாலிஇமைடு டேப்பால் 60 மி.மீ.க்கு ஒரு சுற்று கட்டி, 13 மி.மீ. அகலப் பட்டியாக வளையுங்கள். சாதாரணக் காகித டேப் சூட்டில் பிசின் விட்டு மரத்தில் இறங்கும்.

கருவைரம்

அகலமாகவே வளைத்துவிடலாமே? 30 மி.மீ. அகலப் பலகையை 2.1 மி.மீ. தடிமனில் வளைத்துக் காயவைத்து, பிறகு நான்காகப் பிளந்துகொண்டால் முறுக்கு என்ற பேச்சே வராது.

வளைகுழாய்

எளிதாக வளைந்து வரும் மரங்களுக்கு நல்ல வழிதான். ஆனால் வளைந்த பலகையை நேராக அறுக்க அதற்கென்று ஒரு தாங்கி செய்ய வேண்டும், ரம்பத்தின் தடிமனில் நான்கு பட்டிக்கு மூன்று அறுப்பு வீணாகும். தவிர ஒரு பிளவு வந்தால் நான்கு பட்டியும் போய்விடும். விலை உயர்ந்த மரத்தில் எனக்கு அந்தத் துணிவு இல்லை.

மரத்தூள்

குழாய்லதான் செய்யணும்னு இல்லீங்க. பக்கப்பலகை வளைக்கிற அச்சு இயந்திரமும் சூட்டு விரிப்பும் இருந்தா நாலு பட்டியையும் ஒரே தடவையில முடிச்சிடலாம். அலைரேகை மரத்துக்கு அதுதான் பத்திரம், ஏன்னா தகடு முழு நீளத்துக்கும் தாங்கிப் பிடிக்குது.

அடுக்கு இப்படி: கீழே தகடு, அதுமேல அலுமினியத் தாள்ல சுத்தின பட்டிங்க, அதுமேல சூட்டு விரிப்பு, மேல இன்னொரு தகடு. பட்டிக்கும் தாளுக்கும் நடுவுல ஈரமான காகிதம் ஒண்ணு வைங்க, ஆவி உள்ளேயே நிக்கும். முக்கியமா, நாலு பட்டி சேர்ந்து 26 மி.மீ. அகலம்தான் வரும், விரிப்போ 125, 150 மி.மீ. இருக்கும். மிச்ச அகலத்துக்கு அதே தடிமன்ல உதவாத மரத்துண்டுங்களை நிரப்பிடணும். காலியா விட்டா பட்டி இருக்கிற பக்கம் மட்டும் தூக்கி நிக்கும், அழுத்தம் சாயும், காத்துல நிக்கிற விரிப்பு அந்த இடத்துல தன்னைத்தானே எரிச்சுக்கும்.

சூடு அளக்கிற முனையை மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவுல சொருகுங்க. 120 டிகிரி வந்ததும் இடுப்பை இறக்க ஆரம்பிங்க, ஆனா முழுசா இறக்கக் கூடாது, 10 மி.மீ. மிச்சம் வைங்க. அப்புறம் அடிவளைவு, அப்புறம் தோள், கடைசியா இடுப்போட அந்த 10 மி.மீ. இடுப்பை முதல்லயே முழுக்க இறக்கிட்டா, ரெண்டு பக்கமும் மரம் நகர வழி இல்லாம இடுப்புலயே நீள வேண்டியிருக்கும், அங்கதான் பிளக்கும். மொத்த இறக்கமும் ரெண்டு மூணு நிமிஷத்துக்குள்ள முடியணும். 150 டிகிரியில ஒரு பத்து நிமிஷம் நிறுத்தி, அணைச்சுட்டு, முழுக்க ஆற விடுங்க. மறுபடி 100 டிகிரிக்கு ஏத்தி ஒரு பத்து நிமிஷம் வெச்சா ஈரம் பெரும்பாலும் போயிடும். விரிப்பு ஓடுறப்ப பக்கத்தை விட்டு நகரக் கூடாது. டைமரும் சூடு கட்டுப்படுத்தியும் இல்லாம அதை மின்சாரத்துல சொருகவே கூடாது.

தகடு சாதா இரும்பா இருந்தா ஈர மரத்துல நீலக்கறுப்புக் கறை விழும். மரத்துல இருக்கிற டானினும் இரும்பும் சேர்ந்து வர்றது அது. அலுமினியத் தாள் சுத்துறதே அதுக்குத்தான். ஏற்கெனவே கறை விழுந்திருந்தா ஆக்ஸாலிக் அமிலம் கரைச்ச தண்ணியைத் தடவினா போகும். விஷம், கையுறை போடுங்க, அப்புறம் நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை துடைச்சிடுங்க, காஞ்ச தூளை மூச்சுல இழுக்காதீங்க.

கருவைரம்

ஊறவைப்பது பற்றி ஒரு மறுப்பு. கருங்காலியில் பைண்டிங் போடுபவர்கள் மேலே உள்ள 15 நிமிடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கருங்காலி அடர்த்தியான மரம், தண்ணீர் மேலோடு நின்றுவிடும், மேலோடு உப்பி உள்ளே காய்ந்திருந்தால் வெடிப்பு விழும். ஈரத்துணியால் துடைத்து, 170 டிகிரி வரை சூடேற்றி, மிக மெதுவாக வளைக்க வேண்டும். தடிமன் 1.9 அல்லது 2.0 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம். கறுப்பு மரத்தில் கருகல் தெரியாது என்பதால் சூட்டுக்குப் பயப்படத் தேவையில்லை. ஈட்டி இவற்றில் எளிது. எண்ணெய்ப்பசை உள்ள மரம், லேசான ஈரமே போதும், ஊறவைத்தால் நிறம்தான் தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீரில் மேப்பிளை நனைத்துவிடாதீர்கள், ஊதா நிறம் ஏறிவிடும்.

ஆறாம்தந்தி

கோட்டுப் பட்டி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

தனித்தனியாக வளையுங்கள். வெள்ளைப் பசையில் ஒட்டிய கோட்டுப் பட்டியை 150 டிகிரியில் காட்டினால் பசை இளகும். வளைவில் கோட்டுப் பட்டியும் பைண்டிங்கும் வேறு வேறு ஆரத்தில் ஓடுவதால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், ஆறும்போது வழுக்கிய இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். சில இடங்களில் பிடிக்காமலே நிற்கும், அந்த மயிரிழை இடைவெளி மெருகு போட்டபின் கறுப்புக் கோட்டில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். 0.5 மி.மீ. மெல்லேடுகளால் ஆன கோடு என்றால் ஒவ்வொரு ஏடும் தனியாக இடுப்பு ஆரத்துக்குக் குளிரிலேயே வளைந்து கொடுக்கும். பைண்டிங் வளைந்து காய்ந்தபிறகு அச்சுக்குள் வைத்து மூன்று ஏட்டையும் அதன்மேல் ஒட்டிவிட்டால் வளைவோடு சேர்ந்தே இறுகும். இந்த முறையில் ஒட்டிய பட்டி திரும்ப நிமிர்வதும் குறைவு.

மரத்தூள்

இயந்திரத்துல ஒட்டியே வளைக்கலாம்ங்க. தகடு ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிச்சிருக்கு, ஆறுற வரைக்கும் அழுத்தம் விடுறதில்ல, இளகின பசை திரும்பவும் பிடிச்சுக்கும். குழாய்ல அது நடக்காது, ஒத்துக்கறேன்.

ஆறாம்தந்தி

பிடித்துக்கொள்ளும், ஆனால் எங்கே பிடிக்கவில்லை என்று வெளியிலிருந்து தெரியாதே. பெட்டியில் ஒட்டி ஸ்க்ரேப்பர் (சுரண்டும் தகடு) போட்ட பிறகுதான் தெரியவரும், அப்போது திருத்த வழியில்லை. இயந்திரம் இருந்தாலும் நான் தனியாக வளைப்பதையே சொல்வேன்.

சிராய்

மிக்க நன்றி எல்லோருக்கும். மரத்தைப் பிளந்து பார்த்தேன். நார் 10 மி.மீ.க்கு 1 மி.மீ. சாய்ந்து ஓடுகிறது. வேறு பலகை எடுத்து, பிளவுக்கு இணையாக அறுத்து, 2.0 மி.மீ. இழைத்து, தகடு வைத்து வளைத்ததில் நான்கு பட்டியும் பிளக்காமல் வந்துவிட்டன. ஒன்றில் மட்டும் இடுப்பின் மறைவு முகத்தில் 8 மி.மீ. நீளச் சிராய் லேசாக எழும்பியிருக்கிறது.

மேல்பலகைக்கு உரிய இரண்டும் கச்சிதமாக உட்காருகின்றன. பின்பலகைப் பக்கம் வைத்தால் இடுப்பிலும் தோளிலும் பட்டி சாய்ந்து நிற்கிறது, பைண்டிங் உட்கார விளிம்பில் வெட்டிய பள்ளத்தின் அடியில் 1 மி.மீ. இடைவெளி. டேப்பால் இழுத்தால் வருகிறது. இழுத்தே ஒட்டிவிடலாமா?

ஆறாம்தந்தி

வேண்டாம். இழுத்து ஒட்டியது என்றாவது இழுபடும், பெரும்பாலும் ஈரப்பதம் குறையும் பருவத்தில், பெரும்பாலும் இடுப்பில்.

காரணம் இதுதான். மேல்பலகையின் குவிவு ஆரம் 8 மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும், கிட்டத்தட்டத் தட்டை. பின்பலகைக்கு 4.5 மீட்டர் அளவில் குவிவு, அதோடு பெட்டியின் ஆழம் வாலிலிருந்து கழுத்துப் பக்கம் குறைந்துகொண்டே போகிறது. ஆகவே பின்பக்கப் பள்ளம் ஒரே தளத்தில் ஓடவில்லை, மேலும் கீழும் வளைந்து ஓடுகிறது. பட்டியோ தட்டையான அச்சில் வளைந்தது. அதை உயரவாக்கில் வளைக்க வேண்டுமென்றால் 2 மி.மீ. தடிமனுக்கு 6.5 மி.மீ. உயரம், விறைப்பு சுமார் பத்து மடங்கு. டேப் அதை வளைக்கவில்லை, முறுக்கித்தான் உட்காரவைக்கிறது.

வழி: பட்டியின் கீழ் விளிம்பில் எங்கெங்கே இடைவெளி என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களைத் துடைத்து ஈரமாக்கி, 150 டிகிரிக் குழாயில் பட்டியின் இரு முகமும் சூடாகும்படி காட்டி, உயரவாக்கில் மெதுவாக நெட்டிக் கொடுங்கள். ஒரே இடத்தில் அல்ல, 100 மி.மீ. நீளத்துக்குப் பரவலாக. சூடு இருக்கும்போதே பெட்டியில் பள்ளத்தில் வைத்து டேப் போட்டு ஆறவிடுங்கள். பள்ளத்தில் முதலில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்துவிடுங்கள், ஈரம் பக்கப்பலகைக்கும், பெட்டிக்குள் பலகைகளை இணைக்கும் உள் ஒட்டுப்பட்டிக்கும் போகக் கூடாது. ஒரு ராத்திரி கழித்து டேப்பை எடுத்தால் 1 மி.மீ. இடைவெளி 0.2க்கு வந்திருக்க வேண்டும். விரல் நுனி அழுத்தத்தில் மூடும் இடைவெளி சரி. உள்ளங்கை அழுத்தம் தேவைப்பட்டால் மறுபடியும் குழாய்தான்.

எழும்பிய சிராய்க்கு: நீர்ப்பதமான சூப்பர் குளூ ஒரு சொட்டு உள்ளே விட்டு, வளைவிலேயே பிடித்து, மெழுகுத் தாள் வைத்து அழுத்திவிடுங்கள். மறைவு முகம் என்பதால் காய்ந்ததும் உளியால் சமமாக்கினால் போதும். சிராய் தடிமனில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் அந்தப் பட்டியை விட்டுவிடுங்கள்.

நார்நோக்கி

ஒட்டுவதற்கு முன் காய்ந்ததா என்பதை அளந்தே தெரிந்துகொள்ளலாம். 2.0 × 6.5 × 820 மி.மீ. மேப்பிள் பட்டி 7.5 கிராம் அளவில் இருக்கும். 0.1 கிராம் காட்டும் தராசில் வளைப்பதற்கு முன் எடை பார்த்துக் குறித்துவைத்து, வளைத்தபின் காலை மாலை நிறுத்துப் பாருங்கள். பழைய எடைக்கு வந்து ஒரு நாள் மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரத்தோடு ஒட்டினால் பிறகு தடிமனிலும் உயரத்திலும் சுருங்கி, கோட்டுக்கும் பைண்டிங்குக்கும் நடுவில் பள்ளம் விழும். காயும்வரை பட்டி அச்சுக்குள்ளேயே இருக்கட்டும், வெளியே விட்டால் நிமிர்ந்துகொள்ளும்.

இதே காரணத்தால் ரவுட்டரில் பள்ளம் வெட்டுவது கடைசியாக இருப்பது நல்லது. உங்களுடையது ஏற்கெனவே வெட்டியாகிவிட்டதென்றால், காய்ந்த பட்டியைக் காலிபரில் அளந்து பள்ளத்தோடு ஒப்பிடுங்கள். பைண்டிங் பள்ளத்தைவிட 0.2 மி.மீ. வெளியே நிற்க வேண்டும். உள்ளே போய்விட்டால் ஈட்டிப் பக்கப்பலகையைத்தான் தேய்த்து இறக்க வேண்டியிருக்கும், அது 2.1 மி.மீ. மட்டுமே.

சிராய்

2.3 பட்டிக்கென்று 2.1 ஆழம் வெட்டியிருக்கிறேன். இப்போது பட்டி 2.0. என்ன செய்யலாம்?

நார்நோக்கி

பைண்டிங்குக்கும் பக்கப்பலகைக்கும் நடுவில் 0.5 மி.மீ. கறுப்பு ஏடு ஒன்று பக்கவாட்டுக் கோடாகப் போடுவது வேறு வேலை, அது பள்ளத்தின் உயரத்தில் இடம் கேட்கும், ஆழப் பிரச்சினையைத் தீர்க்காது. ஆழத்துக்கு, பைண்டிங்கின் மறைவு முகத்தில் 0.5 மி.மீ. மேப்பிள் ஏடு ஒட்டி, மொத்தத்தை 2.3க்கு இறக்கிக்கொள்ளுங்கள். வளைந்தபிறகு அச்சுக்குள் வைத்து ஒட்டுவதால் பிளக்காது. அதே மரத்து ஏடு என்றால் மேலிருந்து பார்க்கும்போது ஒட்டுக்கோடு அநேகமாகத் தெரியாது.

மரத்தூள்

ஒட்டுற வேலைக்கு ரெண்டு வார்த்தை. பள்ளத்துல ஸ்ப்ரூஸ் தெரியிற விளிம்புக்கு முதல்ல மெல்லிசா ஷெல்லாக் (அரக்கு மெருகு) அடிச்சிடுங்க, சூப்பர் குளூவோ வேற பசையோ ஸ்ப்ரூஸ் நாருக்குள்ள ஓடி மஞ்சக் கறை போடாது. டேப் உரியறப்ப நாரும் உரியாது. பசைக்கு வச்சிரமோ (விலங்குத் தோல் பசை) மீன் பசையோ வெள்ளைப் பசையோ எதுவும் பிடிக்கும். கை மெதுவா ஓடுறவங்களுக்கு மீன் பசை நல்லது, அவசரப்படுத்தாது.

வால் பக்கம்தான் இணைப்பு கண்ணுக்குத் தெரியும். அதனால ரெண்டு பட்டியோட வால் முனையையும் முதல்ல பொருத்தி, வால்ல இருந்து கழுத்து நோக்கி ஒட்டிக்கிட்டே போங்க. மேல்பலகைப் பக்கம் கழுத்து முனையில மிஞ்சுற நீளம் விரல்பலகைக்கு அடியில மறைஞ்சிடும். 25 மி.மீ.க்கு ஒரு டேப். இடுப்பு வந்ததும் டேப்போட சேர்த்து அந்த வளைவுக்கே செதுக்கின மரக்கட்டை வெச்சு கிளாம்ப் போடுங்க. பெட்டியைச் சுத்திக் கயிறு கட்டுறவங்க இதை மறந்துடறாங்க. கயிறு தோளையும் அடிவளைவையும்தான் அழுத்தும், இடுப்புல காத்துலதான் தொங்கும். அங்க கயித்துக்கு அடியில ஆப்பு சொருகியே ஆகணும்.

டேப்பை எடுக்கிறப்ப ஹேர் டிரையரால சூடு காட்டி, தாழ்வா, விளிம்பு நோக்கி இழுங்க.

சிராய்

கடைசியாக ஒன்று. ஸ்க்ரேப்பர் போடும்போது ஈட்டித் தூள் மேப்பிளில் ஏறுமா? மெருகு போடும்போது ஊதா நிறம் பரவுமா? ஈட்டி ஊறிய தண்ணீரைப் பற்றிக் கருவைரம் சொன்னதை வைத்துக் கேட்கிறேன்.

கருவைரம்

காய்ந்த தூள் பெரிதாக ஏறாது. உறிஞ்சியால் எடுத்துவிடுங்கள், ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். நிறம் தண்ணீரைவிட அதிகமாக இறங்குவது சாராயத்திலும் மற்றக் கரைப்பான்களிலும்தான். ஷெல்லாக்கைத் துணியில் எடுத்து ஈட்டியிலிருந்து மேப்பிள் நோக்கி ஒரே இழுப்பாகத் தேய்த்தால் பைண்டிங் முழுக்க ஊதாவாகும்.

முதலில் மெல்லிய ஓவியத் தூரிகையால் மேப்பிளுக்கு மட்டும் நீர்த்த ஷெல்லாக் இரண்டு பூச்சு கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே அரை மணி விட்டு. அது அடைத்துவிட்டால் பிறகு ஈட்டிக்குத் தனியாகப் பூசுங்கள், விளிம்பிலிருந்து உள்நோக்கி இழுத்து. ஈட்டியின் துளை நிரப்பவும் நிறமற்ற நிரப்பிதான், பழுப்பு நிரப்பி மேப்பிளின் அலைக்குள் போய் உட்கார்ந்தால் வராது. இவ்வளவும் செய்தும் எங்காவது நிறம் ஏறியிருந்தால், மேற்பூச்சு போடும் முன் ஸ்க்ரேப்பரின் முனையால் அந்த இடத்தை மட்டும் சுரண்டி, தூரிகையால் ஷெல்லாக் தொட்டுவிடுங்கள். 0.05 மி.மீ.க்குள் எல்லாம் போய்விடும். அதற்காகத்தான் அந்த 0.2 மி.மீ. உபரியை முதல் ஸ்க்ரேப்பிலேயே முழுக்கத் தீர்த்துவிடாமல் கொஞ்சம் மிச்சம் வைப்பது.